டப்பாவில் இரண்டு கொழுக்கட்டை கூடுதலாக

பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவுக்கும் இப்போது 'தீம்' வந்துவிட்டது. சுதந்திர தினம் என்றால் மூன்று நிறத்தில் இட்லி. கிறிஸ்துமஸ் என்றால் சப்பாத்தியை மரம் போல வெட்டி, மாதுளை முத்துகளை விளக்காகப் பதிக்க வேண்டும். பிள்ளையார் சதுர்த்தி என்றால் பூரிக்குத் தும்பிக்கை முளைக்க வேண்டும். கைப்பேசியைத் திறந்தால் இதற்கென்றே வரிசையாக வீடியோக்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன.

சென்னையில் இருக்கும் என் மருமகளுக்குப் பேத்தியின் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. பண்டிகை வாரமாம். ஆரோக்கியமாகவும் அழகாகவும் டப்பா கட்டி அனுப்ப வேண்டுமாம். சிறந்த மூன்று டப்பாக்களுக்குப் பரிசு உண்டாம். அந்த வாரம் நான் அங்கேதான் இருந்தேன். வேலைக்குப் போகிற பெண், நாலரை மணிக்கே எழுந்து கேரட்டை நட்சத்திரமாக வெட்டிக்கொண்டு நின்றாள். "எதுக்கும்மா இவ்வளவு பாடு?" என்று கேட்டேன். "எல்லாரும் செய்றாங்க அத்தை. நம்ம பிள்ளை மட்டும் சும்மா போனா நல்லாவா இருக்கும்?" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாயந்திரம் பேத்தி வந்து பரிசைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஆயா, எங்க கிளாஸ்ல ஒருத்தன் எலுமிச்சஞ்சாதம் கொண்டு வந்தான். மிஸ் போட்டோ எடுக்க வந்தாங்கல்ல, அவன் மூடியத் தொறக்கவே இல்ல" என்றாள்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 35 வருடம் வேலை பார்த்துவிட்டு 2013-இல் ஓய்வு பெற்றவள் நான். திறக்காத மூடிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பண்டிகைச் சாப்பாட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டி அனுப்புவது நல்ல பழக்கம், அது தொடர வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆனால் அதைப் போட்டியாக்குவதும், உருவத்துக்காக உயிரை விடுவதும் வேண்டாம். நம் பண்டிகைகளே ஆளுக்கொரு பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகின்றன. அதில் நல்லதாகப் பார்த்து, பக்கத்துப் பிள்ளைக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் போதும்.

திருவதிகைக்காரிக்கு வயிற்றைப் பற்றிப் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன். அப்பர் பெருமானுக்குச் சூலை நோய் தீர்ந்தது எங்கள் ஊர் வீரட்டானேசுவரர் சன்னதியில்தான். தம்பியின் வயிற்று வலிக்குத் திருநீறு கொடுத்த திலகவதியாரின் ஊர் இது.

பள்ளிக்கூட வருடம் ஜூனில் தொடங்குவதால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன். வைகாசியில் எங்கள் கோவில் பெருவிழா முடிவதற்கும் பள்ளி திறப்பதற்கும் ஏறக்குறைய சரியாக இருக்கும். பண்ருட்டியில் அப்போது பலா மலிந்து கிடக்கும். நாலு சுளையைக் கொட்டை நீக்கித் தனி டப்பாவில் போட்டுக் கொடுத்தால் வகுப்பு முழுக்க மணக்கும். சூடான சோற்றோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள், பதினோரு மணிக்குள் பதம் கெட்டுவிடும். கொட்டையை எறியாமல் அவித்து, உப்பும் மிளகும் தூவிக் கொடுத்தால் பிள்ளைகள் வேர்க்கடலை போலத் தின்பார்கள்.

ஆடிப்பெருக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி 18 பெரும்பாலும் பள்ளி நடக்கிற நாள்தான். அன்றைக்குச் செய்கிற சித்திரான்னங்கள், புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு எல்லாமே ஆற்றங்கரைக்குக் கட்டிக்கொண்டு போவதற்காக ஏற்பட்டவை. கெடிலக் கரைக்குப் போன தூக்குவாளிகளை நினைத்துப் பாருங்கள். அந்தக் கட்டுச்சோற்றை ஒரு பிள்ளை வகுப்பில் ஒளித்து வைத்துக்கொண்டது என்றால் கோளாறு பிள்ளையிடமும் இல்லை, சோற்றிலும் இல்லை. ஆடிப்பெருக்குக்குக் கட்டுகிற எலுமிச்சஞ்சாதமும் அந்தப் பையனின் எலுமிச்சஞ்சாதமும் ஒன்றுதானே! நாலு நிறத்தில் நாலு பிடி சோறு, ஒரு அவித்த முட்டையோ வறுத்த கடலையோ, ஒரு துண்டு வெள்ளரி. இதைவிட நிறமான டப்பா எந்த வீடியோவில் இருக்கிறது?

அதே ஆடியில் அம்மன் கோவில் கூழ். கூழைப் பைக்குள் வைத்து அனுப்ப முடியாதுதான். அந்தக் கேழ்வரகு மாவிலேயே முருங்கைக்கீரை போட்டு அடை தட்டலாம், புட்டு அவிக்கலாம். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. வளருகிற எலும்புக்கு அது வேண்டும்.

ஆவணியில் பிள்ளையார். கொழுக்கட்டை அரிசியும் வெல்லமும் தேங்காயும் சேர்ந்து ஆவியில் வெந்தது, எண்ணெய்ச் சட்டி பக்கமே போகாதது. சதுர்த்தி அன்று விடுமுறை என்பதால் டப்பாவுக்குப் போவது மறுநாள்தான். இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். முதல் நாள் செய்த தேங்காய்ப் பூரணக் கொழுக்கட்டையை மறுநாள் மதியம் வரை வைக்கக் கூடாது. நம் ஊர் வெக்கையில் ஊசிப்போகும். மறுநாளுக்கென்று எள்ளுப் பூரணம் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு காலையில் புதிதாக அவித்துக் கொடுங்கள். எள்ளு அவ்வளவு சீக்கிரம் கெடாது. எடைக்கு எடை பார்த்தால் எள்ளில் பாலைவிடப் பல மடங்கு சுண்ணாம்புச் சத்து. மிச்ச மாவை அம்மிணிக் கொழுக்கட்டையாகக் கிள்ளி, கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்தால் அதுவே ஒரு வேளை சாப்பாடு.

புரட்டாசி நவராத்திரி பருப்பு வகைகளின் திருவிழா என்றே சொல்லலாம். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, காராமணி, மொச்சை, பட்டாணி, வேர்க்கடலை என்று நாளுக்கொன்று. காய்ந்த கொண்டைக்கடலை நூறு கிராமில் ஏறத்தாழ 19 கிராம் புரதம். காலாண்டு விடுமுறை குறுக்கே வரும் என்றாலும் பள்ளி நடக்கிற நாட்கள் இரண்டு மூன்றாவது கிடைக்கும். சுண்டலுக்கும் அதே எச்சரிக்கைதான். மதியம் வரை இருக்க வேண்டிய சுண்டலில் பச்சைத் தேங்காயைக் குறைத்துக்கொள்ளுங்கள். மாங்காயும் எலுமிச்சையும் அந்தக் குறையைத் தெரியாமல் செய்துவிடும்.

தீபாவளியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அது எண்ணெய்ச் சட்டியின் பண்டிகை. முறுக்கு இரண்டு போகட்டும், ஆனால் டப்பா முழுக்க முறுக்கும் லட்டும் வேண்டாம். கார்த்திகைக்குப் பொரி உருண்டை இருக்கிறது, கடலை உருண்டை இருக்கிறது. கடையில் வாங்கும் சாக்லெட்டுக்கு இவை எந்த விதத்திலும் குறைந்தவை இல்லை.

மார்கழித் திருவாதிரைக்கு இந்தப் பக்கத்தில் அறிமுகம் தேவையில்லை. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம், வீட்டில் களி. அடை மழையில் விறகு நனைந்து, சமைக்க வழியில்லாத சேந்தனார் வீட்டில் கிளறிய களியைத் தில்லைக் கூத்தன் வந்து உண்டுவிட்டுப் போனார் என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. அரிசியும் பாசிப்பருப்பும் வறுத்து உடைத்து, வெல்லம் சேர்த்துக் கிளறியது. கூடவே ஏழுகறிக் குழம்பு. பரங்கி, பூசணி, வாழைக்காய், அவரை, மொச்சை, சேனை, சர்க்கரைவள்ளி என்று அந்தப் பருவத்தில் கிடைக்கிற காய்கிழங்கு அத்தனையும் ஒரே சட்டியில். காயே தொடாத என் பேரன் இந்தக் குழம்பில் மட்டும் ஏழையும் தின்கிறான், எது எது என்று எண்ணிச் சொல்லும் ஆசையில். விடுமுறையில் வந்துவிடுகிறதே என்றால், பள்ளி திறந்த பிறகு ஒரு நாள் செய்து அனுப்புங்கள். களிக்கு நாள் நட்சத்திரம் உண்டு, பிள்ளையின் பசிக்கு இல்லை.

தையில் பொங்கல் முடிந்து ஐந்தாம் நாள் கெடிலத்திலும் பெண்ணையாற்றிலும் ஆற்றுத் திருவிழா. கூட்டத்தில் சுருளிக்கிழங்கு குவித்து வைத்து விற்பார்கள். வாங்கி வந்து அவித்து, தோலுரித்து, ஒரு துண்டு வெல்லத்தோடு டப்பாவில் போட்டால் அதுதான் எங்கள் கடலூர் மாவட்டத்துப் 'பண்டிகை ஸ்நாக்ஸ்'. மாசி முடிந்து பங்குனி பிறக்கும்போது காரடை. காராமணியும் அரிசி மாவும் சேர்த்து ஆவியில் வேக வைத்தது. வருடம் முடிந்தது.

இதில் எத்தனை ஆவியில் வெந்தவை, எத்தனையில் பருப்பு இருக்கிறது, எத்தனையில் வெல்லம் என்று எண்ணிப் பாருங்கள். வெல்லமும் இனிப்புதான், அளவோடுதான் இருக்க வேண்டும். ஆனால் கூடவே பருப்பும் எள்ளும் தேங்காயும் வருகின்றன அல்லவா? பள்ளிக்கூடக் கேன்டீனிலும் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதி கொண்டுவந்தது. அந்த விதி வாசலோடு நின்றுவிடும். டப்பாவுக்குள் எது போகிறது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

இப்போது 'ஜாலி' என்கிற விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளுக்குச் சாப்பாடு சந்தோஷமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு முழுச் சம்மதம். அந்தச் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எனக்கு வேறு கருத்து.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் வகுப்பில் எப்படி இருக்கும் தெரியுமா? பாதிப் பிள்ளைகள் பையில் கொழுக்கட்டை இருக்கும், பாதிப் பேரிடம் இருக்காது. இடைவேளை மணி அடித்ததும் பூவரசு மரத்தடியில் காக்காக்கடி தொடங்கிவிடும். சட்டை நுனியை மேலே போட்டு மூடி, எச்சில் படாமல் கடித்துத் துண்டாக்கி நீட்டுவார்களே, அது. ஒரு கொழுக்கட்டை நாலு வாய்க்குப் போகும். பிள்ளையார் எந்த வீட்டுக்கு வந்தார், எந்த வீட்டுக்கு வரவில்லை என்று அந்த மரத்தடியில் யாரும் கேட்கவில்லை. கிருமி, தொற்று என்று இன்றைக்குச் சொல்வார்கள், நியாயம்தான். ஸ்பூனால் வெட்டிக் கொடுக்கட்டும். கொடுப்பது நிற்க வேண்டாம்.

1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது நான் வேலைக்கு வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. 1956-இல் காமராஜர் போட்ட மதிய உணவு விதை அன்று பெரிய மரமாகிவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்தபோது, சோறு கிடைத்ததைவிட இன்னொன்று என் கண்ணில் பட்டது. எல்லார் தட்டிலும் ஒரே சோறு. யாரும் யார் தட்டையும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு முட்டை வந்தது, கடலையும் பயறும் ஆளுக்கு 20 கிராம் என்று வந்தது. சுண்டல் நாளில் எங்கள் பள்ளியில் வருகை எப்போதும் கூடும். 2022 செப்டம்பர் 15-இல் காலை உணவும் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. ஒரு அரசாங்கம் எத்தனையோ வருடம் பாடுபட்டு ஒரே பந்தியில் உட்கார வைத்த பிள்ளைகளை, கட்டணம் வாங்குகிற பள்ளியில் ஒரு டப்பாப் போட்டி வைத்து வரிசை பிரித்துவிடலாமா?

இந்த அலங்கார டப்பாவுக்கு ஜப்பானைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அங்கே சோற்றைக் கரடியாகவும் பூனையாகவும் பிடித்து வைக்கிற 'பென்டோ' டப்பா உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் மழலையர் பள்ளிக் குழந்தைகளோடு முடிந்துவிடுகிறது. ஜப்பானில் 1954-லேயே பள்ளி மதிய உணவுக்கென்று சட்டம் போட்டுவிட்டார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய எல்லோரும் வகுப்பறையிலேயே ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள். வெள்ளைத் தொப்பியும் மேலங்கியும் போட்டுக்கொண்டு பிள்ளைகளே முறை வைத்துப் பரிமாறுகிறார்கள். மார்ச் 3-இல் பொம்மைத் திருவிழா வந்தால், அதற்குரிய சாப்பாடு அந்தப் பொதுச் சமையலிலேயே வருகிறது. நாம் கரடியை மட்டும் பார்த்துவிட்டு, பந்தியைப் பார்க்காமல் வந்துவிட்டோம்.

குஜராத்தில் 'திதி போஜன்' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டில் விசேஷம் என்றால் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு இனிப்போ ஒரு வேளைச் சாப்பாடோ கொடுப்பார்கள். மத்திய அரசும் அதை மற்ற மாநிலங்களுக்குச் சிபாரிசு செய்திருக்கிறது. பண்டிகைச் சாப்பாட்டைப் பள்ளிக்குள் கொண்டுவர இதுதான் சரியான வழி என்பேன். பரிசு வைக்கிற பள்ளிகள் பரிசுப் பணத்துக்குக் கடலை வாங்கி, ஒரு அண்டா சுண்டல் செய்து எல்லோருக்கும் கொடுக்கலாமே!

சிலர் கேட்பார்கள், கொழுக்கட்டையும் களியும் எல்லார் வீட்டுப் பண்டிகையும் இல்லையே என்று. சரியான கேள்விதான். அதனால்தான் கூடுதலாகக் கட்டுங்கள் என்கிறேன். பரங்கிப்பேட்டையில் இருந்த என் சக ஆசிரியை ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சியைத் தூக்கில் கொடுத்து அனுப்புவார். எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் வீட்டிலிருந்து வருகிற தட்டில் கேக்கோடு அதிரசமும் இருக்கும். பிள்ளைகள் அடுத்தவர் பண்டிகையை முதலில் நாக்கில்தான் தெரிந்துகொள்கிறார்கள். கொடுக்கிற வீட்டார் என்ன போட்டுச் செய்தது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். முந்திரி, வேர்க்கடலை, எள் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டு. முந்திரிக் காட்டு மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை லேசாக நினைத்துவிடக் கூடாது. ஆசிரியருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்காக யாரும் யாருக்கும் எதுவும் தரக் கூடாது என்று ஒட்டுமொத்தமாகத் தடை போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு விஷயம். பண்டிகை டப்பா என்றாலே அது அம்மாவின் தலையில்தான் விடிகிறது. வீடியோவில் வருகிற கையும் பெண் கைதான். முதல் நாள் ராத்திரி பிள்ளைகளை உட்கார வைத்து அம்மிணிக் கொழுக்கட்டை கிள்ளச் சொல்லுங்கள். கோணல் மாணலாகத்தான் வரும், வரட்டும். அப்பா தேங்காய் துருவட்டும், தாத்தா வெல்லம் பொடிக்கட்டும். தன் கையால் உருட்டியதைப் பிள்ளை மிச்சம் வைக்காது என்பது நான் பல பிள்ளைகளிடம் பார்த்தது. நட்சத்திரக் கேரட்டை ரசிக்க ஒரு நிமிடம் போதும். மாவு பிசைந்து, அடுத்தவன் மூக்கில் பூசி, திட்டு வாங்கிச் சிரித்த ராத்திரி பல வருடத்துக்கு ஞாபகம் இருக்கும்.

பேரன் பேத்திகளுக்கு டப்பா கட்டுகிற பொறுப்பு நம் வயதுக்காரர்கள் பலருக்கு இப்போது மறுபடியும் வந்திருக்கிறது. நமக்குத் தும்பிக்கை வைத்த பூரி செய்யத் தெரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். நமக்குத் தெரிந்த கொழுக்கட்டையையே எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, "ரெண்டு கூட வச்சிருக்கேன், பக்கத்துல யாருக்கு இல்லையோ அவங்களுக்குக் குடு" என்று சொல்லி அனுப்புங்கள். சாயந்திரம் டப்பா காலியாக வந்தால் எத்தனை தின்றாய் என்று கேட்காதீர்கள், யாருக்குக் கொடுத்தாய் என்று கேளுங்கள்.